டேபிள் ரோஸ்: வெயில் எவ்வளவும், ஈரம் அளவோடும்

கத்திரி வெயிலைத் தாங்கி, தொங்கும் தொட்டியில் படர்ந்து பூக்கிற செடி ஒன்று வேண்டும் என்று நர்சரியில் கேட்டால், பெரும்பாலும் டேபிள் ரோஸைத்தான் எடுத்து நீட்டுவார்கள். பத்துமணிப் பூ என்று சொல்வதும் இதைத்தான். காசு கொடுத்து வாங்கக்கூட வேண்டியதில்லை. பக்கத்து வீட்டு மாடியில் இருந்தால் ஒரு கைப்பிடி கிள்ளித் தருவார்கள். மண்ணில் செருகினால் பிடித்துக்கொள்ளும். வெயில் சரியாக அமைந்துவிட்டால் தண்டுகள் தொட்டி விளிம்பைத் தாண்டி வழிந்து, காலை பத்து மணி வாக்கில் சிவப்பும் மஞ்சளும் ஆரஞ்சுமாக மூடிவிடும்.

இவ்வளவு லேசில் வருகிற செடி பல வீடுகளில் ஒரு வருஷம் தாண்டுவதில்லை. சில வீடுகளில் தண்டு மட்டும் நீண்டுகொண்டே போகும், பூ வராது. சில வீடுகளில் கோடை முழுக்க நன்றாக இருந்துவிட்டு ஐப்பசி அடைமழையில் ஒரே வாரத்தில் கூழாகிவிடும். முதலாவதற்குக் காரணம் வெயில் பற்றாதது. இரண்டாவதற்குக் காரணம் தண்ணீர் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் தண்ணீரில் எது என்பதில்தான் தகராறு. எவ்வளவு ஊற்றினோம் என்பது பெரிய விஷயமில்லை. ஊற்றியது வேரடியில் எத்தனை நேரம் தங்குகிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும். அது ஏன் என்று புரிய, செடியின் உடம்புக்குள் கொஞ்சம் போய்வர வேண்டும்.

மணல்காட்டுப் பிறப்பு

இதன் தாவரவியல் பெயர் போர்ச்சுலாகா கிராண்டிஃபுளோரா. பிறந்த மண் தென் அமெரிக்கா: அர்ஜென்டினா, உருகுவே, பிரேசிலின் தென்பகுதி. அர்ஜென்டினாவின் மேற்கே, ஆண்டீஸ் மலையடிவாரத்து மெண்டோசாவில் வாழ்ந்த ஜான் கில்லீஸ் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர், இந்தச் செடி மணற்பாங்கான தரையில் கூட்டமாகப் பரவி, தரையே ஊதா நிறமாகத் தெரிந்ததையும் நடுநடுவே ஆரஞ்சுத் திட்டுகள் இருந்ததையும் குறித்து வைத்தார். 1829-ல் வில்லியம் ஜாக்சன் ஹூக்கர் என்ற ஆங்கிலேயத் தாவரவியலாளர் அதற்கு முறைப்படி பெயர் வைத்தார்.

மெண்டோசாவில் வருஷம் முழுக்கப் பெய்யும் மழை சுமார் 200 மில்லிமீட்டர்தான். சென்னையில் அது 1,400-க்குப் பக்கம். அதிலும் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மூன்று மாதத்தில் கொட்டித் தீர்க்கிறது. இந்த ஒரு வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொண்டால், செடி நம் ஊர் வெயிலுக்கு ஏன் அசைவதில்லை, நம் ஊர் மழைக்கு ஏன் சுருண்டுவிடுகிறது என்பதில் பாதி விளங்கிவிடும்.

நர்சரியில் இரண்டு விதமாகப் பார்க்கலாம். ஒன்றின் இலை உருண்டு, ஊசி போல ஒல்லியாக இருக்கும். இலை தண்டோடு சேரும் இடத்தில் வெள்ளை முடிக்கற்றை தெரியும். அதுதான் மேலே சொன்ன செடி. இன்னொன்றின் இலை தட்டையாக, நுனி அகன்று இருக்கும். அது பெரும்பாலும் போர்ச்சுலாகா அம்ப்ராட்டிகோலா என்ற அண்ணன் தம்பி இனத்திலிருந்து வந்த கலப்பு. கடைக்காரர் இரண்டையும் ஒரே பெயரில்தான் விற்பார். வளர்ப்பு முறையில் பெரிய பேதமில்லை என்பதால் நாமும் கண்டுகொள்ள வேண்டாம். இதே குடும்பத்தில் இன்னொரு உறவும் உண்டு, நம் சமையலறைக்கு வருவது: பருப்புக்கீரை. கோழிக்கீரை என்றும் சொல்வார்கள். டேபிள் ரோஸ் தொட்டியில் அதுவாகவே முளைத்து நிற்கும்போது களை என்று பிடுங்கி எறியாமல் கூட்டில் போடுங்கள்.

இரவில் ஒரு வேலை, பகலில் ஒரு வேலை

ஒரு இலையைக் கிள்ளி விரலிடுக்கில் நசுக்கிப் பாருங்கள், விரல் நனைந்துவிடும். இப்படி இலையிலோ தண்டிலோ தண்ணீரைச் சேர்த்து வைத்துக்கொள்பவை சதைப்பற்றுச் செடிகள். நர்சரியில் சக்குலென்ட் என்று கேட்டால்தான் எடுத்துத் தருவார்கள். சோற்றுக்கற்றாழை, ரணகள்ளி, பிரண்டை எல்லாம் இந்தக் கூட்டம்தான். சேர்த்து வைப்பது பாதி வேலை. சேர்த்ததை வீணாக்காமல் இருப்பது மீதி.

எந்தச் செடியும் காற்றிலிருந்து கரியமில வாயுவை எடுக்க, இலையில் உள்ள நுண்துளைகளைத் திறந்தாக வேண்டும். துளை திறந்தால் வாயு உள்ளே வரும். கூடவே ஈரம் வெளியே போகும். உச்சி வெயிலில் இந்த நஷ்டம் அதிகம். சாதாரணச் செடிக்கு வேறு வழி கிடையாது, வெளிச்சம் இருக்கும்போதுதான் அதற்கு வாயு வேண்டும். சதைப்பற்றுச் செடிகளில் பல, இதற்கு ஒரு மாற்று வழி வைத்திருக்கின்றன. வெயில் தணிந்த இரவில் துளையைத் திறந்து வாயுவை வாங்கி, மாலிக் அமிலமாக்கி இலைக்குள் பதுக்கிக்கொள்ளும். பொழுது விடிந்ததும் துளையை மூடிக்கொண்டு, அந்த அமிலத்திலிருந்து வாயுவைப் பிரித்து, வெயிலின் துணையோடு சர்க்கரை செய்யும். ராத்திரியே மாவரைத்துப் புளிக்க வைத்துவிட்டுக் காலையில் இட்லி ஊற்றுகிற மாதிரிதான், புளிப்புகூட ஒத்துப்போகிறது.

அந்தப் புளிப்பை நாக்கில் வைத்துப் பார்த்து எழுதியவர் பெஞ்சமின் ஹைன். மிஷனரியாகத் தரங்கம்பாடிக்கு வந்த ஜெர்மானியர். பிறகு கிழக்கிந்தியக் கம்பெனிக்காக மதராஸ் மாகாணத்தில் தாவரங்களை ஆராய்ந்து, 1819-ல் மதராஸிலேயே இறந்தவர். ரணகள்ளி இலையைக் காலையில் மென்றால் புளிக்கிறது, நடுப்பகலில் சப்பென்று இருக்கிறது, சாயங்காலம் லேசாகக் கசக்கிறது என்று அவர் லண்டனுக்கு எழுதிய கடிதம் 1815-ல் அச்சேறியது. இன்றைக்குப் பாடப்புத்தகத்தில் வரும் ஒரு பெரிய தாவரவியல் விஷயத்துக்கு நம் பக்கத்து வேலிச்செடி ஒன்று சாட்சியாக இருந்திருக்கிறது.

டேபிள் ரோஸ் இதில் ஒரு படி மேலே. ஈரம் இருக்கும் நாட்களில் அது கரும்பும் சோளமும் பின்பற்றுகிற முறையில் வேலை செய்யும். சி4 என்று சொல்வார்கள். கடும் வெயிலில் வேகமாக வளர ஏற்ற முறை அது. மண் காய ஆரம்பித்ததும் ராத்திரி வேலையும் சேர்ந்துகொள்ளும். இரண்டும் ஒரே செடியில் இருப்பது அபூர்வம். இதன் உறவான பருப்புக்கீரையில் இரண்டு முறைகளும் ஒரே செல்லுக்குள் கைகோத்து நடப்பதை யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2022-ல் காட்டினார்கள். காய்ந்த நிலத்துப் பருப்புக்கீரையைக் காலையில் பறித்தால் கூடுதலாகப் புளிப்பது இதனால்தான்.

மாடித்தோட்டத்துக்கு இதிலிருந்து இரண்டு சேதி. நான்கு நாள் ஊருக்குப் போய்வந்தாலும் செடி சாகாது. வளர்வதை நிறுத்திக்கொண்டு காத்திருக்கும், அவ்வளவுதான். அதே சமயம், “சக்குலென்ட்தானே, பத்து நாளைக்கு ஒரு தடவை போதும்” என்று காயப்போட்டால் பூவும் வராது. உயிரோடு இருப்பது வேறு, செழிப்பது வேறு. நல்ல வெயிலில் நல்ல தண்ணீர் கிடைத்தால் இது கற்றாழை வேகத்தில் இல்லை, புல்லின் வேகத்தில் வளரும்.

அப்படியானால் அழுகல் எங்கிருந்து வருகிறது? வேரிலிருந்து. வேரும் மூச்சு விடுகிறது. மண் துகள்களுக்கு இடையிலுள்ள சந்துகளில் காற்று இருந்தால்தான் அதற்கு ஆக்சிஜன். சந்து முழுக்கத் தண்ணீர் நிரம்பி அப்படியே நின்றால் வேர் மூச்சடைத்துச் சாகும். செத்த வேரில் பூஞ்சை ஏறும். பூஞ்சை தண்டுக்கு வரும். தாகமுள்ள செம்பருத்தியாக இருந்தால் அந்தத் தண்ணீரைச் சீக்கிரம் உறிஞ்சிக் காலி செய்துவிடும். டேபிள் ரோஸோ ஏற்கெனவே வயிறு நிறைய வைத்திருக்கிறது, அவசரமே இல்லாமல் குடிக்கும். அதனால் தண்ணீர் தானாகவே வெளியேறும்படி மண்ணைத்தான் நாம் அமைக்க வேண்டும்.

மண்ணும் தொட்டியும்

ஒரு செடிக்கு ஒரு நாள் செலவிட முடியும் என்றால் அதை மண் கலவைக்குச் செலவிடுங்கள். இரண்டு பங்கு செம்மண், இரண்டு பங்கு பருமணல், ஒரு பங்கு மண்புழு உரம். களிமண் கலந்த தோட்டத்து மண்ணாக இருந்தால் மணலை மூன்று பங்காக்கலாம்.

மணல் என்று சொல்வது எளிது, இன்றைக்கு ஆற்று மணல் கிடைப்பதுதான் கஷ்டம். எம்-சாண்ட் போதும். ஆனால் அதில் கல் உடைத்த மாவு நிறைய இருக்கும். அந்த மாவு மண்ணின் சந்துகளை அடைத்து, நாம் எதற்காக மணல் போட்டோமோ அதற்கே உலை வைத்துவிடும். மாவு சல்லடையில் சலித்து, கீழே விழுவதைக் கொட்டிவிட்டு, மேலே தங்குவதை வாளியில் போட்டு அலசி எடுங்கள். முதல் தண்ணீர் பால் மாதிரி வெளுத்து வரும். தெளிவாக வரும்வரை அலச வேண்டும். பூச்சு வேலைக்கு விற்கிற பி-சாண்ட் இன்னும் நைசானது, அது வேண்டவே வேண்டாம்.

மாடித்தோட்டம் என்றாலே தேங்காய் நார்க்கழிவு என்று ஆகிவிட்டது. கத்தரிக்கும் தக்காளிக்கும் அது சரி. இந்தச் செடிக்கு அதைத் தவிர்ப்பது நல்லது என்பது என் கட்சி. நார்க்கழிவின் வேலையே ஈரத்தைப் பிடித்து வைப்பது. போதாக்குறைக்கு, முழுக்கக் காய்ந்துவிட்டால் தண்ணீரை ஏற்காமல் ஓரமாக வழியவிடும். மாடியில் எடை குறைய வேண்டும் என்று கட்டாயம் சேர்ப்பவர்கள் கலவையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு பழக்கத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். தொட்டியின் அடியில் ஜல்லி பரப்பினால் தண்ணீர் நன்றாக வடியும் என்று அநேகமாக எல்லோரும் சொல்வார்கள். நடப்பது வேறு. மண்ணின் சின்னச் சின்னச் சந்துகள் தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும் சக்தி உடையவை. கீழே ஜல்லியின் பெரிய இடைவெளிகள் வந்ததும் தண்ணீர் அங்கே குதித்துவிடாது. மேலேயுள்ள மண் ததும்பும்வரை அங்கேயே தேங்கி நிற்கும். ஆக, ஜல்லி இருந்தாலும் இல்லாவிட்டாலும் மண்ணின் அடிமட்டத்தில் ஈரம் ஊறிய ஒரு பட்டை இருக்கத்தான் செய்யும். ஜல்லி போடும்போது அந்தப் பட்டை இரண்டு அங்குலம் மேலே ஏறி வேருக்குப் பக்கத்தில் வந்துவிடுகிறது, அவ்வளவுதான் மாற்றம்.

நம்பிக்கை வராவிட்டால் சோதித்துப் பாருங்கள். ஒரு தொட்டிக்கு நிறையத் தண்ணீர் ஊற்றி, அடியில் சொட்டுவது முழுக்க நிற்கும்வரை காத்திருங்கள். பிறகு தொட்டியை ஒரு பக்கமாகச் சாய்த்துப் பிடியுங்கள். நின்றுபோன சொட்டு மறுபடியும் விழ ஆரம்பிக்கும். இப்போது வருவது அந்தப் பட்டையில் சிக்கியிருந்த தண்ணீர். மண் எவ்வளவு பருமனாக இருக்கிறதோ அவ்வளவுக்கு இந்தப் பட்டை மெலியும். மணல் பங்கைக் கூட்டச் சொல்வது இதனால்தான். துளை வழியே மண் கொட்டாமலிருக்க ஒரு ஓட்டுச் சில்லை வைப்பதில் தவறில்லை, அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

வேர் ஆழம் போகாத செடி என்பதால் ஆறு அங்குல ஆழம் போதும். அகலம் எவ்வளவு இருந்தாலும் படர்ந்து நிரப்பிக்கொள்ளும். மண் தொட்டி பக்கவாட்டிலும் ஈரத்தை ஆவியாக்கும் என்பதால் தண்ணீர் ஊற்றுவதில் கை தாராளமுள்ளவர்களுக்கு அதுதான் பாதுகாப்பு. தொங்கவிடுவதற்கு எடை தடையாக இருக்கும், அங்கே பிளாஸ்டிக் சரி. பிளாஸ்டிக் தொங்கு தொட்டிகள் சிலவற்றில் அடித்தட்டு ஒட்டியே வரும். கழற்ற முடிந்தால் கழற்றிவிடுங்கள், முடியாவிட்டால் ஓரத்தில் துளை போடுங்கள். தரையில் வைப்பதாக இருந்தால் இரண்டு செங்கல் மேல் வையுங்கள். சிமெண்டுத் தளத்தின் சூடு நேரடியாக வேருக்கு ஏறாது, துளையும் அடைபடாது.

வெயில்

இதில் பேரமே இல்லை. குறைந்தது ஆறு மணி நேரம் நேரடி வெயில். ஜன்னலோர வெளிச்சம், மரத்தடிச் சல்லடை வெயில் எல்லாம் இதற்குக் கணக்கில் வராது. கீரைகளுக்காகக் கட்டிய பச்சை நிழல்வலைக்கு அடியில் இதை வைத்துவிட்டு மொட்டு வரவில்லை என்று கேட்பவர்கள் உண்டு. வலைக்கு வெளியே எடுத்து வைத்தால் போதும், வேறு வைத்தியம் தேவையில்லை. ஒன்றே ஒன்று: நிழலில் வளர்ந்ததை நேராக மே மாத வெயிலில் கொண்டுபோய் வைக்காதீர்கள். முதல் சில நாள் காலை வெயில் மட்டும் படும்படி வைத்துப் பழக்குங்கள்.

வெயில் பற்றவில்லை என்பதைத் தண்டே காட்டிக்கொடுக்கும். இலைக்கும் இலைக்கும் நடுவே இடைவெளி கூடி, தண்டு வெளிறி, வெளிச்சம் வரும் பக்கமாகக் கழுத்தை நீட்டும். பூ திறப்பதும் வெளிச்சத்தையும் வெப்பத்தையும் பொறுத்ததுதான். மேகம் மூடிய நாளில் தாமதமாகத் திறக்கும், சில சமயம் திறக்கவே திறக்காது. ஒரு பூவுக்கு ஒரு நாள்தான் ஆயுசு, பிற்பகலில் சுருங்கிவிடும். மறுநாள் பக்கத்து மொட்டு. பூ சுருங்குவதைப் பார்த்துத் தண்ணீர் குறைவோ என்று பதறி மாலையில் இன்னொரு குடம் ஊற்ற வேண்டாம்.

எப்போது ஊற்றுவது

நாள் கணக்கு சொல்லச் சொன்னால் சொல்லலாம்: சித்திரை, வைகாசியில் எட்டு அங்குலத் தொங்கு தொட்டிக்குத் தினமும்கூட வேண்டியிருக்கும், மார்கழியில் வாரத்துக்கு ஒருமுறையே மிச்சம். ஆனால் திருநெல்வேலியின் காற்றும் சென்னையின் புழுக்கமும் ஒன்றில்லை என்பதால் விரலை நம்புவது மேல். ஆள்காட்டி விரலை இரண்டாவது கணு வரை மண்ணுக்குள் விடுங்கள். ஈரம் தட்டினால் விட்டுவிடுங்கள். உலர்ந்திருந்தால் ஊற்றுங்கள், அதுவும் அடித்துளையில் வழியும்வரை ஊற்றுங்கள். மேல்மண் நனையும் அளவுக்குத் தினம் ஒரு டம்ளர் தெளிப்பது இரண்டுங்கெட்டான் வேலை: வேர் மேலேயே தங்கிப் பழகிவிடும், உப்பும் அடியில் சேர்ந்துகொண்டே போகும். போர் தண்ணீர் உப்பாக இருக்கும் இடங்களில் மண் தொட்டியின் வெளிப்புறம் வெள்ளை பூத்துப்போவதைப் பார்த்திருப்பீர்கள். டேபிள் ரோஸ் ஓரளவு உப்பைத் தாங்கும் செடிதான் என்றாலும், நல்ல தண்ணீர் கிடைக்கும்போது மாதம் ஒருமுறை வழிய வழிய ஊற்றி அலசிவிடுவது நல்லது. காலையில், பூ திறப்பதற்கு முன், செடியின் தலையில் படாமல் மண்ணில் ஊற்றுங்கள்.

புதிதாக வளர்ப்பவர்கள் தடுமாறும் இடம் ஒன்று இருக்கிறது. தாகத்திலும் செடி துவளும், அழுகலிலும் துவளும். எட்ட நின்று பார்த்தால் இரண்டும் ஒன்றாகத்தான் தெரியும். கிட்டே போங்கள். தாகத்தில் துவண்ட இலை சுருங்கி, மேல்தோலில் வரி வரியாக இருக்கும். இழுத்தால் எளிதில் வராது. தண்டின் அடி கெட்டியாக இருக்கும். அழுகலில் துவண்ட இலை வீங்கினாற்போல் பளபளத்து, மஞ்சளாகி, கண்ணாடி போலக் கொஞ்சம் ஒளி ஊடுருவும். விரல் பட்டாலே உதிரும். தண்டின் அடியைக் கிள்ளினால் கொழகொழவென்று பழுப்பாக இருக்கும், ஒரு வீச்சமும் அடிக்கும். முதலாவதற்குத் தண்ணீர் ஊற்றினால் சாயங்காலத்துக்குள் நிமிர்ந்துவிடும். இரண்டாவதற்குத் தண்ணீர் ஊற்றினால் கதை முடிந்தது. அழுகிய செடியின் வேரைக் காப்பாற்ற முயல வேண்டாம். மேலே கெட்டியாக இருக்கும் நுனிகளை நறுக்கி எடுத்துப் புது மண்ணில் நடுங்கள், பழைய மண்ணை வெயிலில் கொட்டுங்கள்.

கிள்ளினால் கூடும்

பூ தண்டின் நுனியில்தான் வரும். அதனால் நுனிகள் எத்தனையோ அத்தனை பூ. நட்ட செடி நான்கு அங்குலம் வளர்ந்ததும் நுனியைக் கிள்ளிவிட்டால் கீழே உள்ள கணுக்களிலிருந்து இரண்டு மூன்று கிளை புறப்படும். அவை வளர்ந்ததும் இன்னொரு முறை. பூக்க ஆரம்பித்த செடியைக் கிள்ள மனசு வராமல்தான் பல தொட்டிகள் நடுவில் மொட்டையும் ஓரத்தில் வாலுமாக நிற்கின்றன. பழைய தண்டுகளின் அடி கட்டைபோல ஆகி இலை உதிர்ந்ததும் இரண்டு அங்குலம் விட்டு ஒட்ட வெட்டிவிடுங்கள். இரண்டு மூன்று வாரம் பார்க்கச் சகிக்காது, பிறகு புதுத்தளிர் வந்து மூடிவிடும்.

வெட்டியதெல்லாம் நாற்று. மூன்று நான்கு அங்குலத் துண்டுகளாக்கி, அடிப்பாகத்து இலைகளை உருவி, வெட்டிய இடம் உலர அரை நாள் நிழலில் போட்டு வைத்து, ஒரு கணுவாவது மண்ணுக்குள் போகும்படி செருகுங்கள். மேலே கவர் போட்டு மூட வேண்டியதில்லை. மூடினால் வேர்த்து அழுகும். ஒரு வாரம் பத்து நாளில் வேர் பிடிக்கும். எட்டு அங்குலத் தொட்டிக்கு எட்டுத் துண்டுகளாவது நட்டால்தான் சீக்கிரம் நிறையும்; ஒற்றைத் துண்டை நட்டுவிட்டு அது படர்வதற்காகக் காத்திருப்பது வீண்.

விதையும் உண்டு, ஒற்றை அடுக்குப் பூவாக இருந்தால். பூ வாடியதும் அந்த இடத்தில் மிளகை விடச் சற்றுப் பெரிய ஒரு காய் நிற்கும். முற்றியதும் அதன் மேல்பாதி ஒரு மூடியாகக் கழன்று விழும். உள்ளே இரும்புத்தூள் நிறத்தில் மணல் மணலாக விதை. காற்றடிப்பதற்கு முன் ஒரு காகிதத்தில் தட்டி எடுத்துவிட வேண்டும். விதைக்கும்போது கொஞ்சம் மணலோடு கலந்து மேலாகத் தூவுங்கள், மண் போட்டு மூடாதீர்கள். அதற்கு முளைக்க வெளிச்சம் வேண்டும். அடுக்குப் பூக்கள் அழகு கூடியவை, ஆனால் விதை அபூர்வம். ஒற்றைப் பூக்களைத் தேடித்தான் கொசுத்தேனீக்கள் வரும். வேலை இல்லாத ஒரு காலையில் திறந்த பூவின் நடுவே இருக்கும் மஞ்சள் மகரந்தத் தாள்களை ஈர்க்குச்சி நுனியால் மெல்லத் தொட்டுப் பாருங்கள். சில நொடியில் கூட்டமாக அசைந்து சாயும். தேனீயின் உடம்பில் மகரந்தத்தைப் பூசிவிட அது வைத்திருக்கும் ஏற்பாடு.

உரத்தைப் பற்றி அதிகம் பேச ஒன்றுமில்லை. மாதம் ஒரு கைப்பிடி மண்புழு உரம், விருப்பமிருந்தால் லிட்டருக்கு 30 மில்லி கலந்த பஞ்சகவ்யா. தழைச்சத்து ஏறினால் இலைதான் கொழுக்கும். வாழைப்பழத் தோலை ஊறவைத்து ஊற்றுவதில் பெரிய லாபம் இருப்பதாகத் தெரியவில்லை, பழ ஈக்களைத் தவிர. பூச்சியில் முக்கியமானது மாவுப்பூச்சி. கணுக்களில் வெள்ளைப் பஞ்சாக ஒட்டியிருக்கும், எறும்பு வரிசை போவதைப் பார்த்தே கண்டுபிடித்துவிடலாம். முதலில் தண்ணீரைப் பீய்ச்சி அடித்துக் கழுவுங்கள். போகாவிட்டால் லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயும் சில சொட்டு சோப்புக் கரைசலும் கலந்து சாயங்காலம் தெளியுங்கள். வெயிலில் தெளித்தால் இலை கருகும்.

ஐப்பசி வருவதற்குள்

புரட்டாசியில் நல்ல நுனிகளாகப் பார்த்துக் கொஞ்சம் கிள்ளி, ஆழமில்லாத தட்டு ஒன்றில் வெறும் மணலும் கொஞ்சம் செம்மண்ணும் போட்டு நட்டு, மழை படாத, ஆனால் வெயில் எட்டிப்பார்க்கிற இடத்தில் வைத்துவிடுங்கள். சன்ஷேடுக்கு அடியில், படிக்கட்டின் மேல் ஜன்னலில், எங்கே முடியுமோ அங்கே. பெரிய தொட்டிகளை நகர்த்த முடிந்தால் நல்லது. முடியாவிட்டால் அடைமழை நாட்களில் செங்கல்லை ஒரு பக்கம் மட்டும் வைத்துத் தொட்டியைச் சாய்த்து விடுங்கள். முன்பு பார்த்த அதே பட்டைத் தண்ணீர் வெளியேற இது உதவும். நடுவில் ஒருநாள் வெயில் வந்தாலும் அவசரப்பட்டு ஊற்ற வேண்டாம். தட்டில் வைத்தவை கார்த்திகை, மார்கழியில் சும்மா கிடக்கும். தை பிறந்து வெயில் ஏற ஏறத் துளிர்க்கும்போது தொட்டிக்கு மாற்றுங்கள்.

ராமநாதபுரம், தூத்துக்குடி பக்கம் மழை குறைவாகப் பெய்கிற இடங்களில் இவ்வளவு முஸ்தீபு தேவைப்படாது. அங்கே தரையிலேயே, மேடாக்கிய மணற்பாத்தியில் விட்டாலும் படர்ந்துகொள்ளும்.

தொங்கும் சதைப்பற்றுச் செடி என்றதும் படங்களில் பார்த்த முத்துமாலைச் செடியைப் பலர் தேடுகிறார்கள், பச்சை மணிகள் கோத்த மாதிரி தொங்குமே, அது. தென்னாப்பிரிக்காவின் வறண்ட பகுதியைச் சேர்ந்தது. சென்னை, புதுச்சேரிக் கடற்காற்றின் புழுக்கத்தில் பெரும்பாலும் அழுகிவிடும். விலையும் கூட. ஒரு நாளில் பாதி நேரம்தான் வெயில் வரும் என்றால் பேபி சன் ரோஸைப் பாருங்கள். அதுவும் தென்னாப்பிரிக்காவைச் சேர்ந்ததே, ஆனால் நம் சூழலைத் தாங்கும். இதய வடிவ இலை, சின்னச் சின்னச் சிவப்புப் பூ, மேலே சொன்ன மண்ணும் தண்ணீரும் அப்படியே அதற்கும் பொருந்தும். வடக்குப் பார்த்த பால்கனி, எதிரே ஐந்து மாடிக் கட்டடம் என்றால் இரண்டுமே வேண்டாம். மணி பிளான்ட் வையுங்கள்.